விமானம் தாங்கிக் கப்பலும் நீர்மூழ்கியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் விரையும் விமானம் தாங்கிக் கப்பலை, நீருக்கடியில் 10 நாட் வேகத்தில் ஊரும் நீர்மூழ்கி எப்படி நெருங்கும்?

பதில்: துரத்திப் பிடிக்கவே முடியாது; வழியில் காத்திருந்தால்தான் உண்டு. ஒரு தாளில் கப்பலைப் புள்ளியாகக் குறித்து, அது செல்லும் திசையில் ஒரு கோடு இழுங்கள். நீர்மூழ்கியின் வேகத்தைக் கப்பலின் வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை சைன் மதிப்பாகக் கொண்ட கோணத்தை அக்கோட்டின் இருபுறமும் வரையுங்கள். 10/30 என்றால் பக்கத்துக்கு ஏறத்தாழ 19.5 பாகை, இந்த 39 பாகைக்குள் முன்கூட்டியே இருக்கும் நீர்மூழ்கிதான் கப்பலை எட்டும். கப்பலின் வேகம் 15 நாட் அளவுக்குக் குறைந்தால் அதே விரிப்பு 84 பாகையாகிவிடும். டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் ஆயுதம்) பாயும் தூரத்தையும் சேர்க்க வேண்டுமானால், புள்ளிக்குப் பதில் வட்டம் போட்டு அதன் தொடுகோடுகளாக இவற்றை வரைய வேண்டும்.

கேள்வி: வேகம் இவ்வளவு காக்குமானால் 'கரேஜியஸ்' என்ற விமானம் தாங்கிக் கப்பல் ஏன் மூழ்கியது?

பதில்: மேற்கண்ட கணக்கு, கப்பல் திசை மாறாமல் செல்லும் என்று எடுத்துக்கொள்கிறது. 1939 செப்டம்பர் 17 அன்று பிரிட்டனின் 'கரேஜியஸ்' கப்பலை ஜெர்மனியின் யு-29 நீர்மூழ்கி நெடுநேரம் பின்தொடர்ந்தும் சுடுவதற்கு வாகான இடத்தை அடைய முடியவில்லை. காவலுக்கு வந்த நான்கு நாசகாரிக் கப்பல்களில் இரண்டு, தாக்கப்பட்ட ஒரு வணிகக் கப்பலுக்கு உதவச் சென்றிருந்தன. அந்த நிலையில், திரும்பிவரும் விமானங்களை இறக்குவதற்காகக் 'கரேஜியஸ்' காற்றை எதிர்கொண்டு திரும்பியபோது, தானாகவே நீர்மூழ்கியின் முன்னால் வந்து நின்றது. இரண்டு டார்பிடோக்கள் தாக்க, இருபது நிமிடங்களுக்குள் அது மூழ்கியது; 519 பேர் இறந்தனர். ஆகவே, விமானங்களை ஏற்றி இறக்கும் நேரத்தையும் காற்றின் திசையையும் சேர்க்காத மாதிரியை நான் ஏற்பதில்லை.

கேள்வி: காவல் கப்பல்களைக் கூட்டினால் போதாதா?

பதில்: ஒவ்வொன்றும் நீர்மூழ்கியைக் கண்டறியும் நிகழ்தகவு 0.5 என்றால், மூன்றில் ஒன்றேனும் கண்டறிவதற்கான நிகழ்தகவு 0.875. ஆனால் இது அவை ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே பொருந்தும். கடலில் வெப்பநிலை சட்டென மாறும் அடுக்கு ஒன்று ஒலியை வளைத்துவிட்டால், மூன்று கப்பல்களின் சோனார்களும் (ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவிகள்) ஒருசேர ஏமாறும்.

கேள்வி: எத்தனை டார்பிடோக்கள் பட்டால் கப்பல் மூழ்கும்?

பதில்: ஒரே எண்ணைச் சொல்ல இயலாது. 1944 ஜூன் 19 அன்று ஜப்பானின் 'தைஹோ' விமானம் தாங்கிக் கப்பல்மீது ஒரே ஒரு டார்பிடோதான் பட்டது. கப்பலும் தொடர்ந்து ஓடியது. ஆனால் கசிந்த விமான எரிபொருளின் ஆவி உள்ளே பரவி, ஆறு மணி நேரத்துக்குப் பின் வெடித்து, கப்பலை மூழ்கடித்தது.