ஜெர்மனிக்கு முதுநிலைப் படிப்புக்குச் செல்லும் மாணவர், விசா சிக்கல் இல்லாமல் இருக்க முன்கூட்டியே என்னென்ன திட்டமிட வேண்டும்?

பாளையங்கோட்டையில் இயந்திரப் பொறியியல் முடித்த தம் மகனுக்கு அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றும், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்றும் ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். வீரவநல்லூரிலிருந்து சென்று அங்கே படித்து, இப்போது அங்கேயே வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா, நாட்டுக்குள் நுழைவதற்கும் முதல் சில மாதங்கள் இருப்பதற்கும் மட்டுமே. அதன் பிறகு மாணவரைச் சட்டப்படி அங்கே நிறுத்தி வைப்பது, அந்த ஊர் வெளிநாட்டினர் அலுவலகம் கொடுக்கும் ரெசிடென்ஸ் பெர்மிட். அது பாஸ்போர்ட், பல்கலைக்கழகப் பதிவு, கையிருப்புப் பணம், மருத்துவக் காப்பீடு ஆகிய நான்கையும் சார்ந்தது; நான்குக்கும் தனித்தனிக் காலாவதித் தேதிகள் உண்டு. ஊரில் உள்ள ஏஜென்சிகள் விசா கையில் வந்ததும் தம் வேலை முடிந்தது என்று ஒதுங்கிக்கொள்வதால், இந்தத் தேதிகளைப் பற்றி மாணவரிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். பள்ளிப் பருவத்தில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டதாக இருக்கலாம். அது படிப்பின் நடுவில் முடிந்தால், பெர்மிட்டையும் பொதுவாக அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து புதுப்பிக்க இந்தியத் தூதரகத்தையோ, பிராங்க்பர்ட், மூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களில் ஒன்றையோ நாட வேண்டும். அதைவிட விசாவுக்கு முன்பே திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் புதுப்பித்துவிடுவது எளிது. அப்போதே பெயரையும் சரி பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியலில் ‘மு. இசக்கிமுத்து’ என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுவதுமாக விரிந்து குடும்பப் பெயராகவும் இருப்பது வழக்கம். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏபிஎஸ் சான்றில் (கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) தொடங்கி வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்று இறங்கியதும், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். வீட்டுக்காரர் எழுத்தில் உறுதி தந்தால்தான் பதிவார்கள் என்பதால், நண்பன் அறையில் ஒண்டிக்கொள்ளலாம் என்ற திட்டம் இங்கே தடுமாறும். முகவரிப் பதிவு முடிந்தவுடன் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆவதுண்டு. ஆனால் விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடர்வதாகவே சட்டம் கருதுகிறது. அதற்கு அத்தாட்சியாக ஒரு தற்காலிகச் சான்றையும் கொடுப்பார்கள். முடிந்த மறுநாள் விண்ணப்பித்தால் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது, அதிகாரியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் இதே விதி என்பதால், காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. அனுப்பிய மின்னஞ்சலையும், வந்த ஒப்புகையையும் தேதியோடு சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

ஊருக்கு வரும் பயணத்தையும் இந்தத் தேதிகளோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். அக்காள் கல்யாணத்துக்கும், சுடலைமாடன் கோயில் கொடைக்கும் பிள்ளை வந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் நினைப்பது இயல்புதான். ஆனால் பெர்மிட் முடியும் மாதத்தில் டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். தற்காலிகச் சான்று பழைய பெர்மிட்டை நீட்டித்ததாக இருந்தால் அதைக் கொண்டு திரும்ப நுழையலாம். இருந்தும் அந்தத் தாளைப் பார்த்துப் பழகாத விமான நிறுவன ஊழியரிடம் சென்னையில் நின்று விளக்க வேண்டிய நிலை வரலாம். அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவனை இப்படி ஒன்றரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்து, கடைசி நேரத்தில்தான் ஏற்றினார்கள். ஆய்வறிக்கையை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று நினைப்பவர்கள், ஜெர்மனிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக பெர்மிட் தானாகவே செல்லாமல் போகும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது பணத்தில்தான். 2024 செப்டம்பரிலிருந்து பிளாக்ட் அக்கவுண்ட் எனப்படும், மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் மாணவர் எடுத்துக்கொள்ளலாம். நகையை அடகு வைத்தோ, வயலை ஒற்றிக்கு விட்டோ முதல் ஆண்டுத் தொகையைத் திரட்டிவிட்டு, இனி அவனே சம்பாதித்துக்கொள்வான் என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டுக்குப் பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது, அடுத்த ஆண்டுச் செலவுக்கு வழி இருப்பதைத் திரும்பவும் காட்டச் சொல்வார்கள். நிலையான பகுதிநேர வேலையின் சம்பளச் சீட்டுகளும் ஒப்பந்தமும் அப்போது உதவும், ஆனால் அந்த வேலை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வங்கிக் கடனை வாங்கும்போதே இரண்டாம் ஆண்டுத் தவணையையும் சேர்த்துக் கேட்டு வைப்பதுதான் என் கணக்கில் சரி.

காப்பீட்டைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு அரசுச் சட்டத்தின் கீழ் வரும் காப்பீடு சலுகைக் கட்டணத்தில் கிடைக்கிறது. தனியார் காப்பீடு மலிவாக இருக்கிறதே என்று, இதை வேண்டாம் என எழுதிக் கொடுத்துவிட்டு அதற்குப் போனால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது.

வேலை விதிகளில் இரண்டு கணக்குகளை மாணவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் என்பது பெர்மிட்டின் வரம்பு. 2024 மார்ச்சிலிருந்து இந்த அளவு நடைமுறையில் உள்ளது. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்பது, மாணவருக்குரிய காப்பீட்டுச் சலுகையை இழக்காமல் இருப்பதற்கான வரம்பு. ஒன்றைக் காத்தால் மற்றது தானாகக் காக்கப்பட்டுவிடாது. பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராகச் செய்யும் ஹிவி வேலையும், பாடத்திட்டத்தில் கட்டாயமான இன்டர்ன்ஷிப்பும் 140 நாள் கணக்கில் வராது; விருப்பத்தின் பேரில் செய்யும் இன்டர்ன்ஷிப் வரும். சொந்தமாகத் தொழில் செய்வதற்குத் தனி அனுமதி தேவை. யூடியூப் சேனல் தொடங்கி விளம்பரப் பணம் வாங்கலாம் என்று எண்ணும் தம்பிகள் முதலில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கேமராவைத் திறக்கட்டும்.

நம் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அரியர் என்பது பெரிய அச்சம் தரும் சொல் அன்று. அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கம் ஊறியிருக்கிறது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர இயலாமல் போகும். பதிவு போனால் பெர்மிட்டுக்கு இருந்த அடிப்படையே போய்விடுகிறது. ஆகவே தயாராக இல்லாத தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டுச் சும்மா வராமல் இருப்பதும் கூடாது. மருத்துவச் சான்று இல்லாவிட்டால் அதையும் தோல்வியாகவே கணக்கிடும் இடங்கள் அதிகம். உரிய நாளுக்குள் பெயரைத் திரும்பப் பெறலாம். விசா பற்றிய கேள்வியில் தேர்வைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று தோன்றலாம். ஆனால் எனக்குத் தெரிந்து இடையில் ஊர் திரும்பியவர்களில் பலர் திரும்பியது இதனால்தான்.

படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் வரை பெர்மிட் கிடைக்கும், அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். மாணவர் பெர்மிட் முடியும் முன்பே இதற்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஆய்வறிக்கையைச் சமர்ப்பிக்கும் மாதத்தையும் பெர்மிட் முடியும் மாதத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம். பட்டதாரிகளுக்கான வேலை பெர்மிட்டான புளூ கார்டுக்குப் புதிய பட்டதாரிகளிடம் எதிர்பார்த்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025இல் 43,759.80 யூரோ; இது ஆண்டுதோறும் மாறும். அங்கே பட்டம் பெற்றவர், தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டுகள் ஓய்வூதியப் பங்களிப்புச் செலுத்தியபின், பி1 எனப்படும் இடைநிலை அளவு ஜெர்மன் மொழியும் தெரிந்திருந்தால், நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் மொழியைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள். தம்பி புறப்படுவதற்கு முன் ஊரில் இருக்கும் இந்த மாதங்களிலேயே ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்துவிட்டால், அங்கே வகுப்புகளின் நெருக்கடியில் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிராது.