பாட்டில் அவள் தெரு வேண்டுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். வயது 27. சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை. நாலு வருஷம் பழகிய பெண்ணும் நானும் இந்தத் தை மாதம் பிரிந்துவிட்டோம். சாதிப் பிரச்சினை, வீட்டு எதிர்ப்பு எதுவும் இல்லை. இனி முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

ஒரு கட்டுரையில் கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ ஆல்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய்க் கேட்டேன். இப்போது ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அதுதான் ஓடுகிறது. முதலில் பாதி புரியவில்லை, வரிகளை எடுத்துவைத்துப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். “இதையே கேட்டுக்கிட்டிருந்தா எப்படா வெளியில வருவே” என்று நண்பர்கள் திட்டுகிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் கிட்டார் வரும். தமிழில் ஆறு பாட்டு எழுதி, மொட்டைமாடியில் உட்கார்ந்து போனிலேயே பதிவு செய்திருக்கிறேன். மூன்றின் வரிகளை இதோடு அனுப்புகிறேன். யூடியூபில் போடு என்கிறார்கள் நண்பர்கள். என் அக்கா மட்டும், “வேணாம்டா, ஊர்ல எல்லாருக்கும் யாருன்னு தெரியும், அந்தப் பொண்ணு பேரு என்னாகும்” என்கிறாள். அந்த அம்மா உலகமே கேட்கும்படி தன் பிரிவைப் பாடியிருக்கிறார். நான் மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்? என் வலி என்னுடையதுதானே அக்கா?

பெயர் வெளியிட வேண்டாம்.
கடலூர்

*

அன்புள்ள தம்பி,

மூன்று பாட்டையும் வாய்விட்டுப் படித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

நண்பர்கள் திட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோறு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்களா? அப்படியென்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள். இல்லையென்றால் பாட்டை நிறுத்தினாலும் சரியாகாது, டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த கேள்விதான் கனமானது. அந்த அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் என்று நினைக்கிறீர்கள். ‘ப்ளூ’ 1971 ஜூனில் வந்தது. அன்றிலிருந்து எல்லோரும் அப்படித்தான் சொல்லிவருகிறார்கள். அதைக் கேட்ட பாடகர் கிரிஸ் கிறிஸ்டோபர்சன், உனக்கென்று கொஞ்சமாவது வைத்துக்கொள் என்ற பொருளில் சொன்னதாக மிட்செலே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கோ ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், அவர் எவ்வளவு சொல்லாமல் வைத்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். கிரஹாம் நாஷ் என்ற பாடகரோடு லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் பகுதியில் ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1970இல் ஐரோப்பா கிளம்பிப் போய், கிரீஸ் நாட்டுக் கிரீட் தீவில் மட்டாலா என்ற கடலோரக் கிராமத்தில் கொஞ்ச காலம் தங்கினார். அங்கிருந்து அனுப்பிய ஒரு தந்தியில் அந்த உறவு முடிந்தது. பிறகு ஜேம்ஸ் டெய்லர் என்ற பாடகரோடு நெருக்கம். அவர் இந்த ஆல்பத்திலேயே சில பாட்டுகளுக்கு கிட்டார் வாசித்திருக்கிறார். அந்த உலகத்தில் புழங்கியவர்களுக்கு எந்த வரி யாரைத் தொடுகிறது என்று ஊகிப்பது கஷ்டமாக இருந்திருக்காது. இருந்தாலும் 10 பாட்டிலும் நாஷ் என்ற பெயர் இல்லை, டெய்லர் என்ற பெயர் இல்லை. கேரி என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அது மட்டாலாவில் கழிந்த நாட்களைப் பற்றிய குதூகலமான பாட்டு.

மூன்றாவது பாட்டைக் கவனித்தீர்களா? ‘லிட்டில் கிரீன்’. 1965இல் டொரண்டோவில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வயது 21. கையில் காசில்லை, துணையில்லை. குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் குழந்தைக்கான பாட்டுதான் அது. உள்ளதெல்லாம் சொன்ன ஆல்பம் என்று உலகம் புகழ்ந்த ஆல்பத்தில், அவர் வாழ்க்கையின் ஆகப்பெரிய இழப்பு எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. அது என்னவென்று பொதுவில் தெரியவர 1990கள் வரை ஆனது. தாயும் மகளும் சந்தித்தது 1997இல். பாட்டு எழுதும்போது மகள் எங்கே இருக்கிறாள் என்றே அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவளை யாரும் தேடிப் பிடிக்கும்படி ஒரு சொல்லைக்கூட அதில் வைக்கவில்லை. வலியைக் குறைத்தாரா? இல்லை. அடையாளத்தை மட்டும்தான் எடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். அந்த ஆல்பத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெரும்பாலும் அவரேதான். ‘ரிவர்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டோடு தொடங்குகிறது. டிசம்பரில் புதுச்சேரி மிஷன் வீதிக் கடைகளில் நாம் கேட்கிற அதே மெட்டுதான், அங்கே கொஞ்சம் கோணி, சந்தோஷம் வடிந்துபோய் வருகிறது. ஊரெல்லாம் பண்டிகைக்குத் தயாராகிறது. இவருக்கோ உறைந்த ஆறு ஒன்று கிடைத்தால் அதன்மேல் சறுக்கிக்கொண்டே எங்காவது போய்விட வேண்டும்போல இருக்கிறது. கனடாவில் வளர்ந்தவர், அவருக்கு ஆறு என்றால் உறைந்த ஆறு. ஏன் போக வேண்டும்? போனவன் கொடுமைக்காரன் என்பதாலா? என்னோடு காலம் தள்ளுவது கஷ்டம், நான் சுயநலக்காரி, இருந்ததிலேயே நல்ல துணையை நானேதான் இழந்தேன் என்று பாடுகிறார். இதைக் கேட்கும்போது யாரோ கனடாக்காரியின் காதல் கதை என்ற எண்ணமே போய்விடுகிறது.

கடைசிப் பாட்டில் ரிச்சர்ட் என்று ஒருவன் வருகிறான். கனவு காண்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் கசந்துபோய், ஏதோ ஓர் இருட்டுக் கடையில் குடித்துக்கொண்டு யாரையாவது பேசியே அறுத்துக்கொண்டிருப்பார்கள் என்று மிட்செலைப் பார்த்துச் சொல்கிறான். அவனுடைய வாதத்தை முழுசாகச் சொல்லவிடுகிறார். பிறகு அவனே கல்யாணம் செய்துகொண்டு, பாத்திரம் கழுவும் மெஷினும் காபி மெஷினும் வாங்கி வைத்துக்கொண்டு, டிவியைப் போட்டுவிட்டு வீட்டில் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்கிறார். அத்தோடு ஜெயித்துவிட்டதாக முடிக்கலாம். அவர் முடிக்கவில்லை. அவன் சொன்ன அதே இருட்டில்தான் இப்போது தானும் உட்கார்ந்திருக்கிறார் என்று தன்னையும் காட்டிவிடுகிறார்.

நம் பக்கத்துக்கு இது புதிதில்லை. உங்கள் ஊர்க் கெடிலத்தின் கரையில்தான் திருவதிகை. சூலை நோயோடு வந்து விழுந்த அப்பர் அங்கே பாடிய முதல் பதிகத்தின் முதல் அடியிலேயே, ‘கொடுமை பல செய்தன நான் அறியேன்’ என்கிறார். அவர் பாட வந்தது பக்தி, மனிதப் பிரிவு அவர் விஷயமே அல்ல. ஆனால் வயிற்று வலியில் துடிக்கிற ஆள், வைத்தியரையும் ஊரையும் விட்டுவிட்டு, நான் என்ன செய்தேனோ என்று தன்னிடமிருந்து தொடங்குகிறாரே, அந்தத் தொடக்கம் ஏழாம் நூற்றாண்டிலிருந்து உங்கள் ஆற்றங்கரையில் கிடக்கிறது.

பெயர் விஷயத்துக்கும் நம்மிடம் விதியே உண்டு. அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பியம். தலைவி, தலைவன், தோழி என்றுதான் வருவார்கள். பெயர் சொன்னால் அது அந்த ஒரு குடும்பத்து விவகாரமாகிவிடும், கேட்கிற நான் உள்ளே போய் உட்கார இடமிருக்காது. குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் ஒழுகிப்போன பசும்பாலைச் சொல்கிறார். யாருக்காக என்று அதில் இல்லை. ஆனால் அவருடைய கதை அப்போதே ஊருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அகநானூறு 147இல் ஔவையாரின் தலைவி, வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட்டுப் போகிறேன் என்கிறாள். ஊர் என்ன தெரிந்துகொள்ளும் என்பது நம் கையில் இல்லை. பாட்டில் என்ன இருக்கும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

சினிமாப் பாட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. மெட்டு ஒருவருடையது, வரி இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது, அழுவது திரையில் இருக்கிற நாயகன். இது யாருடைய சொந்தக் கதை என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினால் முதல் கேள்வியே ‘யாரு அந்தப் பொண்ணு’ என்பதுதான். கடலூர் மாதிரி ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும்.

இனி உங்கள் பாட்டு. முதலாவது:

“மஞ்சக்குப்பத்து மூணாந் தெரு
மாடி வீட்டு நீலக் கதவு
வெள்ள ஸ்கூட்டி நிக்குது
வேற யாருக்கோ நிக்குது”

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நாலு வரி போதும், எவன் வேண்டுமானாலும் போய் அந்தக் கதவைத் தட்டலாம். தெருவையும் கதவையும்விட எனக்கு அதிகம் உறுத்துவது நாலாவது வரி. ‘வேற யாருக்கோ’ என்பது உங்கள் சந்தேகம். கடிதத்தில் நீங்களே அப்படி எதுவும் சொல்லவில்லை. பாட்டில் ஏறிவிட்டால் சந்தேகம் செய்தியாகிவிடும். அவளுக்குப் பதில் சொல்ல கிட்டாரும் கிடையாது, சேனலும் கிடையாது. உங்கள் அக்கா சொன்னது இந்தப் பாட்டுக்கு நூற்றுக்கு நூறு சரி. இதைப் போடாதீர்கள்.

இரண்டாவது:

“போன் அடிச்சுது, பார்த்தேன்
பாக்காதவன் மாதிரி கவுத்து வெச்சேன்
மூணு தடவ அடிச்சுது
தானா அடங்கிடுச்சு”

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யார் கூப்பிட்டது என்றுகூட இல்லை. போனைக் கவிழ்த்த கை உங்கள் கை. எனக்குத் தெரிந்த நாலைந்து பேருடைய பிரிவு இதற்குள் இருக்கிறது. இதை எழுத முடிந்தவருக்கு நீலக் கதவு எதற்கு?

மூன்றாவது பாட்டு சில்வர் பீச்சில் நடக்கிறது. “நீ கேக்கவே மாட்டேங்கறே”ன்னு சொன்னா, நான் கடலப் பாத்துக்கிட்டிருந்தேன், என்று ஓர் இடம். மொத்தப் பாட்டிலும் அவள் பேசுவது அந்த ஒரே வரிதான், அதுதான் உயிரோடு இருக்கிறது. மற்றதெல்லாம் நீங்கள் பேசிக்கொண்டே போகிறீர்கள். அவளுக்கு இன்னும் நாலு வரி கொடுங்கள். அவள் உண்மையில் சொன்னதையே கொடுங்கள், உங்களுக்கு வலித்ததையும் சேர்த்து. அவள் பக்கம் நியாயம் இருந்ததென்று கேட்கிறவனுக்குப் படட்டும். உங்கள் துக்கம் அதனால் ஒரு பிடியும் குறையாது.

வரியிலிருந்து எடுத்ததைக் கிட்டார் சுமக்கும். மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானது. வழக்கமான கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை, பிடிப்பது சிரமம் என்பதால் தந்திகளையே வேறு வேறு விதமாகச் சுருதி மாற்றிக்கொண்டார். அவருடைய கார்டுகள் பல முடிவுக்கு வராமல் கேள்வியாகவே நிற்பது அதனால்தான். வார்த்தையில் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே வந்து நிற்கிறது. நீங்களும் ஒரு தந்தியின் சுருதியை இறக்கிவைத்து வாசித்துப் பாருங்கள்.

அவசரமும் வேண்டாம். ‘ப்ளூ’வின் பாட்டு வரிசை முடிவாகிவிட்டிருந்த நேரத்தில் இரண்டு பழைய பாட்டுகளை எடுத்துவிட்டு, புதிதாக இரண்டு எழுதிச் சேர்த்தார் மிட்செல். இன்று ஆல்பத்தின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அவைதான். அந்த ரிச்சர்ட் பாட்டு இல்லாத ‘ப்ளூ’வை நினைத்துப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ‘உன்னப் பத்திப் பாட்டு போடலாமா’ என்று கேட்டு அவளுக்கு போன் செய்யாதீர்கள். முடியாது என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணிடம் அனுமதி கேட்பதும் திரும்பக் கூப்பிடுவதற்கு ஒரு சாக்குதான். வெளியிட்ட பிறகு லிங்க் அனுப்புவதும் அப்படியே. எந்த வரியிலும் அவளை அடையாளம் காட்டாமல் இருந்தால் உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. வலி உங்களுடையதுதான் தம்பி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருவும் கதவும் ஸ்கூட்டியும் அவளுடையவை.

போன் பாட்டை மட்டும் முதலில் போடுங்கள். போடும் முன் உங்கள் அக்காவை உட்காரவைத்துப் பாடிக் காட்டுங்கள். எனக்கு வரிகள்தான் வந்தன, பதிவு வரவில்லை. அதையும் அனுப்புங்கள், ‘தானா அடங்கிடுச்சு’ என்ற இடத்தில் கிட்டாரை நிறுத்துகிறீர்களா, தொடர்ந்து வாசிக்கிறீர்களா என்று எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா
புதுச்சேரி