கேள்வி–பதில்: தமிழ் ஏன் கிறுக்கலாகத் தெரிகிறது?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு இணையதளம் செய்திருக்கிறேன். டெம்ப்ளேட்டில் (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அச்சில்), எழுத்துகள் எந்த முறையில் பதிவாகியிருக்கின்றன என்று பிரவுசருக்குச் சொல்லும் வரியை மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்று சரியாகத்தான் போட்டேன். என் கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் நன்றாக வருகிறது, சர்வரில் ஏற்றினால் ஒரே கிறுக்கல். ஃபான்ட் பிரச்சினையா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஃபான்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும், இப்படிக் கிறுக்கலாக வராது. கிறுக்கலை உற்றுப் பாருங்கள். தலையில் சின்னக் கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், இப்படியே திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் உங்கள் கோப்பில் தமிழ் பத்திரமாக இருக்கிறது, பிரவுசர்தான் அதைத் தப்பாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8இல் ‘அ’ என்ற ஒரே எழுத்து 224, 174, 133 என்று மூன்று பைட்டாகப் பதிவாகும். அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறையான ஐஎஸ்ஓ-8859-1 என்று நினைத்துப் படித்தால் மூன்றும் மூன்று தனி எழுத்துகளாகிவிடும். தமிழ் எழுத்துகள் எல்லாமே 224இல்தான் தொடங்குகின்றன, அதனால்தான் அந்த ஏ விடாமல் வருகிறது.

சரி, டெம்ப்ளேட்டில் சொல்லியும் பிரவுசர் ஏன் கேட்கவில்லை? பக்கத்தை அனுப்பும்போது சர்வர் தன் பங்குக்கு கன்டென்ட்-டைப் என்று ஒரு வரி அனுப்புகிறது, அதில் சார்செட் இருந்தால் உங்கள் மெட்டா வரியை பிரவுசர் பொருட்படுத்தாது. உங்கள் கம்ப்யூட்டரில் கோப்பை நேரடியாகத் திறக்கும்போது நடுவில் சர்வரே இல்லை, அதனால் அங்கே எல்லாம் ஒழுங்காக வருகிறது. எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியில் அந்தப் பக்கத்தைச் சொடுக்கிப் பாருங்கள். அங்கே கன்டென்ட்-டைப் வரியில் ஐஎஸ்ஓ-8859-1 என்று இருந்தால், சர்வர் மென்பொருள் அப்பாச்சியாக இருக்கும்பட்சத்தில் ஆட்-டிஃபால்ட்-சார்செட் (AddDefaultCharset) என்ற அமைப்பை யூடிஎஃப்-8 என்று மாற்றச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள்.

அதற்காக மெட்டா வரியை எடுத்துவிடாதீர்கள், பக்கத்தை யாராவது சேமித்து வைத்துப் படித்தால் அதுதான் கை கொடுக்கும். ஆனால் ஹெட் (பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் தொடக்கப் பகுதி) திறந்தவுடன், டைட்டிலுக்கும் முன்னால், அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பேன். அந்த வரி முழுதும் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு 1024 பைட் தாராளம், நமக்கு அப்படியில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் போய்விடுகிறது. டைட்டில், நீளமான விவரணை, ஏதோ ஒரு லைசென்ஸ் குறிப்பு எல்லாவற்றையும் மேலே வைத்துவிட்டு சார்செட்டைக் கீழே தள்ளினால் எல்லையைத் தாண்டிவிடும். உள்பக்கங்களுக்குத் தனி ஹெடர் கோப்பு இருந்தால் அதையும் பாருங்கள், பலர் முகப்பில் மட்டும் சரிசெய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

கிறுக்கலுக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் கதை வேறு. பெரும்பாலும் டேட்டாபேஸில் சேமிக்கும்போதே எழுத்து தொலைந்திருக்கும், டெம்ப்ளேட்டைத் திருத்திப் பயனில்லை.

கேள்வி: திஸ்கியில் (யூனிகோடு பரவும் முன் புழங்கிய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை) செய்த பழைய பக்கங்கள் நிறைய இருக்கின்றன. சார்செட்டை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று சீட்டு ஒட்டுகிற வேலை அது. உள்ளே இருக்கும் பைட்டுகள் மாறாது, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத்தான் வரும். திஸ்கியில் ‘கெ’ என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் (யூடிஎஃப்-8 பதிவது இந்த முறை எழுத்துகளைத்தான்) ககரம்தான் முதலில். எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றுவதோடு வரிசையையும் திருப்ப வேண்டும், என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரியான மாற்றி இதைப் பார்த்துக்கொள்ளும். முதலில் பழைய கோப்புகளை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். மாற்றி முடித்து, யூடிஎஃப்-8 ஆகவே சேமித்த பிறகு, டெம்ப்ளேட்டில் எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்று இருக்கும் பழைய சார்செட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பக்கத்தில் திஸ்கி ஃபான்ட் பெயர் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.