ரூபாய் சரிந்தால் ஏற்றுமதிக்குக் கொண்டாட்டமா?

கேள்வி: டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் நம் சரக்கு வெளிநாட்டில் மலிவாகும், ஏற்றுமதி பெருகும், வர்த்தகப் பற்றாக்குறை (ஏற்றுமதி வரவை இறக்குமதிச் செலவு மிஞ்சும் தொகை) தானாகக் குறையும். பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் ஒப்பாரி வைக்கிறீர்கள்?

பதில்: பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறீர்கள். வாங்குகிற பக்கம் என்ன ஆனது? நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. சமையல் எண்ணெயும் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான். ரூபாய் சரிந்ததென்று லாரி நிற்காது, அடுப்பு அணையாது. அந்தச் செலவு உடனே ஏறிவிடும். ஏற்றுமதியோ ஆர்டர் பேசி, நூல் வாங்கி, தைத்துக் கப்பலேற்ற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள், “உங்களுக்குத்தான் ரூபாயில் கூடக் கிடைக்கிறதே, விலையைக் குறையுங்கள்” என்பார் வெளிநாட்டு பையர். திருப்பூரில் விசாரித்துப் பாருங்கள். சூரத்தில் பட்டை தீட்டும் வைரத்துக்கும் கல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதற்கும் டாலர்தான் கொடுக்க வேண்டும்.

இந்த வாதம் புதிதல்ல. 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு 4.76 ரூபாயாக இருந்த டாலரை ஒரேயடியாக 7.50 ரூபாயாக்கியது. ஏற்றுமதி பெருகும் என்றுதான் அன்றும் சொன்னார்கள். சொன்ன கையோடு, நம் பெரிய ஏற்றுமதிச் சரக்குகளான தேயிலைக்கும் சணலுக்கும் ஏற்றுமதி வரி போட்டார்கள். ஏற்றுமதியாளர்களுக்குத் தந்துவந்த சலுகைகளையும் நிறுத்தினார்கள்! மழையோ அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடே காத்திருந்தது. விளைச்சலே இல்லாதபோது மலிவாக விற்க எது இருக்கிறது? 1966-67இல் டாலர் கணக்கில் ஏற்றுமதி குறைந்தது. அன்றைய காங்கிரஸ் தலைவர் காமராஜர் அந்த மதிப்புக் குறைப்பை ஏற்கவில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

மதிப்புக் குறைப்பு ஒருபோதும் பலன் தராது என்று நான் சொல்லவில்லை. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறக்கியது, 1969இல் அதன் வெளிநாட்டு வரவு செலவுக் கணக்கு உபரிக்குத் திரும்பியது. ஆனால் பிரிட்டனிடம் ஆலைகள் இருந்தன. வரியை உயர்த்தி உள்நாட்டுச் செலவையும் இறுக்கிப் பிடித்தார்கள். அப்படியும் ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

நம் கதைக்கு வருகிறேன். 2010-11இல் டாலர் 45 ரூபாய்ச் சுற்றில் இருந்தது, 2022-23இல் 80. இந்த இடைவெளியில் நம் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை, டாலரிலேயே கணக்கிட்டாலும், இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. பழி முழுவதையும் ரூபாய் மீது போட மாட்டேன். ஆனால் பற்றாக்குறை தானாகக் குறையும் என்கிறீர்களே, இந்த 12 ஆண்டுக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால் அப்படி நடக்கவில்லையே.