தேன் பருவத்துக்கு முன்பே பெங்களூருக்கு டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, தேனின் ஈரப்பதத்தைக் குறைக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். தொழில் தொடங்குவதென்றால் பெங்களூருக்குப் போ என்கிறார்கள் நண்பர்கள். அப்பாவோ ஊரை விட்டு நகராதே என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பெங்களூரில் 1909-இல் இந்திய அறிவியல் கழகம் வந்தது. 1940-இல் விமானத் தொழிற்சாலை வந்தது. அமெரிக்க மின்னணு நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அங்கே கடை விரித்த 1985-க்குள் இரண்டு தலைமுறைப் பொறியாளர்கள் உருவாகிவிட்டார்கள். அதைவிட முக்கியம், அங்கே தொழில் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவருக்கும் பக்கத்துத் தெருவிலேயே வேறு வேலை கிடைக்கும். அந்தத் தைரியத்தில்தான் பலர் துணிகிறார்கள். நம் ஊரில் ஒருமுறை நொடித்துப்போனால் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது பின்தொடரும்.

ஆனால் உங்கள் தொழில் தேன். அதற்கு மார்த்தாண்டமே பெங்களூர். 1920-களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். பிறகு பெட்டி செய்யும் தச்சர்கள், கூட்டுறவுச் சங்கம், பருவம் பார்த்துப் பெட்டிகளை ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் என்று ஒரு தொழில் உலகமே வளர்ந்தது. இலை உதிர்ந்து தளிர்க்கும்போது ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பில்தான் நம் தேனில் பெரும்பகுதி கிடைக்கிறது. அந்தத் தேனில் ஈரம் அதிகம். 20 சதவீதத்தைத் தாண்டினால் உணவுப் பாதுகாப்பு விதி ஏற்காது, தேனும் புளித்துவிடும். இந்தத் தொல்லையை அன்றாடம் படுகிறவர் உங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். பெங்களூரில் முதலீட்டாளர் கிடைப்பார், இவர் கிடைக்கமாட்டார்.

ஜனவரி முதல் மார்ச் வரைதான் முக்கியப் பருவம். தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். அதற்குள் மூன்று, நான்கு தேனீ வளர்ப்போரிடம் இயந்திரத்தைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். "நல்லா இருக்கு தம்பி" என்ற பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பணம் தருகிறவர் எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள்.

மோட்டாருக்கும் வார்ப்பு வேலைக்கும் கோயம்புத்தூர் போய் வாருங்கள். 1930-களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்து, பஞ்சாலைகள் பெருகி, ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்த பட்டறைகளே பம்ப் செட் செய்யத் தொடங்கிய ஊர் அது. மின்னணு வேலை தெரிந்தவர்களைத் திருவனந்தபுரத்தில் தேடுங்கள்; டெக்னோபார்க் 1990 முதல் அங்கே இருக்கிறது. மாநில எல்லையை நினைத்துத் தயங்க வேண்டாம், 1956 வரை நாமும் அந்தப் பக்கம்தான்.

திட்ட மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் மாவட்டத் தொழில் மையத்தில், புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டத்தின் 25 சதவீத மானியம் பற்றி விசாரிக்கலாம். மானியத்துக்காகத் திட்டத்தை ஊதிப் பெரிதாக்கிவிடாதீர்கள். வட்டி உங்கள் தலையில்தான் விழும்.

ஏப்ரலில் மறுபடி எழுதுங்கள். முன்பணம் கொடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பெங்களூர் டிக்கெட்டைப் பற்றிப் பேசலாம்.