குறைகள் நிறைந்த ஓர் இசை மேதையைப் பற்றிய திரைப்படங்களில் உங்கள் மனத்தில் நிற்பது எது? ஏன்?

கிளின்ட் ஈஸ்ட்வுட் 1988இல் இயக்கிய ‘பேர்ட்’. ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் கதை. பார்க்கராக நடித்த ஃபாரஸ்ட் விட்டேகர் அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

போதையிலும் துயரத்திலும்தான் கலை ஊறுகிறது என்பதுபோல் காட்டும் படங்கள் எனக்கு ஒத்துவராது. ‘பேர்ட்’ அப்படிக் காட்டவில்லை. இதில் ஹெராயின் பார்க்கருக்கு ஒரு ஸ்வரத்தைக்கூடக் கொடுப்பதில்லை. வேலை போகிறது, உடம்பு போகிறது, வீடு குலைகிறது. போதையில் நன்றாக வாசிக்க வருகிறது என்று சொல்பவன் பொய்யன் என்று பார்க்கரே 1949இல் ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். ஆனாலும் அவரைப்போல் வாசிக்க ஆசைப்பட்ட இளைஞர்கள் பலர் அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். ரெட் ராட்னி என்ற இளம் டிரம்பெட் கலைஞர் வரும் காட்சிகளில் அந்தக் கொடுமையைப் பார்க்கலாம்.

படத்தில் ஒலிக்கும் சாக்ஸபோன் பெரும்பாலும் பார்க்கருடையதே. பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவருடைய வாசிப்பை மட்டும் பிரித்தெடுத்து, ரே பிரவுன், ரான் கார்ட்டர் போன்ற ஜாஸ் கலைஞர்களைப் பக்கவாத்தியம் வாசிக்கவைத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள். இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனவருடன் உயிரோடு இருப்பவர்கள் தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிக்கிறார்கள்! சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் விருது இந்த உழைப்புக்குக் கிடைத்தது.

என்னை உலுக்கிய இடம் தந்திக் காட்சி. 1954இல், வெளியூரில் இருக்கும்போது, தன் சின்னஞ்சிறு மகள் ப்ரீ இறந்த செய்தி பார்க்கருக்கு வருகிறது. மனைவி சானுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தி கொடுக்கிறார். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடுகிறார்; கிடைக்கவில்லை. மறுபடியும் அனுப்புகிறார். உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. சாக்ஸபோனில் நினைத்ததையெல்லாம் பேசியவருக்கு இங்கே நாலு வார்த்தை கூடிவரவில்லை. அருகில் இருக்கவேண்டிய நேரத்தில் இல்லாமல் போனவர் என்ற பழியைப் படம் மழுப்பவில்லை. அவரை வெறுக்கவும் விடவில்லை.

ஒரு பெரிய குறையும் உண்டு. பதினாறு வயதை எட்டாத பார்க்கர், 1936இல் கான்சஸ் நகரத்து ரெனோ கிளப்பில் வாசிக்கும்போது இசையில் தடம் தவறுகிறார். டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலை (டிரம்ஸில் மாட்டியிருக்கும் உலோகத் தட்டு) கழற்றி அவர் காலடியில் எறிந்து அவமானப்படுத்துகிறார். அந்தச் சிம்பல் படம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பறந்து வருகிறது. அதற்குப் பிறகு நடந்தது எங்கே? சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாரே, மூன்று நான்கு ஆண்டுகள் நாளுக்கு 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாகப் பின்னாளில் சொன்னாரே, அதைப் படம் அனேகமாகத் தொடவே இல்லை. அவமானத்துக்கு இத்தனை இடம் கொடுத்தவர்கள் சாதகத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும். அது தெரியாமல் பார்ப்பவருக்கு அந்த வேகமும் கற்பனையும் பிறவியிலேயே வந்த வரமாகத்தான் தோன்றும்.

1955 மார்ச் 12 அன்று நியூயார்க்கில் அவர் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

இரண்டேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம். காலம் முன்னும் பின்னுமாகத் தாவும். பெரும்பாலும் இருட்டுக் காட்சிகள். பொறுமை வேண்டும். பார்ப்பதற்கு முன் 1945 நவம்பரில் அவர் பதிவுசெய்த ‘கோகோ’ என்ற இசையை ஒருமுறை கேட்டுவிடுங்கள். மூன்று நிமிடம்கூட இல்லை. எதை இழக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு படத்துக்குள் போவது நல்லது.