யாழ்ப்பாணத்தில் இருந்தபடி வனவிலங்கு அமைப்பொன்றின் தூதுவராக முடியுமா?

விலங்கியல் பட்டம் இல்லாமல் வனவிலங்குத் தொண்டு அமைப்பொன்றின் தூதுவராகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். பெரும்பாலும் இது அமைப்பின் சார்பில் சனத்திடம் பேசுகிற, சம்பளமில்லாத தன்னார்வ வேலை. சனத்தோடு கதைக்கத் தெரிந்த ஆளைத்தான் தேடுவார்கள்.

விண்ணப்பிக்க முதல் ஒரு மாரி முழுக்கப் பறவை பாருங்கள். விடிய ஆறு மணிக்குப் பண்ணைப் பாலத்தடியில் சைக்கிளை நிறுத்தினால், நெடுங்கால் உள்ளான் தன் சிவந்த காலை ஒவ்வொன்றாய்த் தூக்கிவைத்து மேய்வது தெரியும். திகதி, நேரம், எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கிற ஈபேர்ட் (eBird) இணையத்தளத்திலும் ஏற்றுங்கள். பத்துச் சான்றிதழை விட அந்தக் கொப்பி பெறுமதி என்பேன்.

1894இல் தொடங்கிய இலங்கை வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போன்ற ஒன்றில் முதலில் உறுப்பினராகச் சேருங்கள். பள்ளிக்கூடங்களில் பேச உள்ளூர்க் கதையே போதும்: சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா. பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு வீடியோ எடுக்கிற பெடியளோடு சண்டை பிடிக்காமல் கதைக்கவும் பழகுங்கள்; கஷ்டமான பகுதி அதுதான்.

ஒப்புக்கொள்ள முதல் பயணச் செலவு யாருடையது, நிதி சேர்த்தால் பற்றுச்சீட்டு யார் பெயரில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.